முன்கழியும் அடிக்கம்பியும்

எமது சனசமூக நிலைய மண்டபத்துச் சுவரில் வெளிநாட்டு நாட்காட்டிப் படம் ஒன்று பல வருடங்களாகத் தொங்குகிறது. நாட்காட்டி கிழிந்து போய்விட்டது. படம் மட்டும் எஞ்சியிருக்கிறது. பாய் விரித்து ஓடும் பழைய காலத்து மரக்கப்பல் ஒன்று. மாதாந்தச் சேமிப்புக் குழுக் கூட்டத்துக்குப் பொருளாளர் வந்து சேரும் வரை காத்திருந்த ஒரு பின்னேரத்தில், 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பி வந்து, பின்னர் வன்னியில் நிலைகொண்ட முதிய கமக்காரர் ஒருவர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு எம்மிடம் கேட்டார்:

“சுவாமி, உந்தக் கப்பலுக்கு முன்னாலை ஏன் துலா கட்டி வைச்சிருக்கிறாங்கள்? கடலிலையும் தண்ணி இறைக்கிறவங்களோ?”

எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் பதில் எமக்குத் தெரியவில்லை. குருமடத்தில் மெய்யியல் படிப்பித்தார்கள், இறையியல் படிப்பித்தார்கள். கப்பலின் மூக்கில் கழி எதற்கு என்று ஒருவரும் படிப்பிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் சொல்கிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கப்பல்களைப் பற்றிய நூல்களைத் தேடி வாசித்தோம். வாசிக்க வாசிக்க, அந்தப் பெரியவர் கேட்டது சிரிப்புக்குரிய கேள்வி அல்ல என்பது விளங்கியது. அவருக்குச் சொன்ன பதிலையே, இன்னும் சற்று விரிவாக, இங்கு எழுதுகிறோம்.

கமத்தையும் கால்நடையையும் பற்றி எழுதும் இவ்விதழில் கப்பலுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். சற்றுப் பொறுமையோடு வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

துலாவைப் போன்ற கழி

கப்பலின் அணியத்திலிருந்து முன்னோக்கிக் கடலுக்கு மேலாக நீண்டு நிற்கும் கழியை ஆங்கிலேய மாலுமிகள் பௌஸ்பிரிட் என்பார்கள். நாம் இங்கு முன்கழி என்றே சொல்வோம். பெரியவர் அதைத் துலா என்று நினைத்ததில் பிழையில்லை. துலா எப்படி நிற்கிறது? ஆடுகாலுக்கு அப்பால் கிணற்றுப் பக்கம் நீண்டிருக்கும் பாகத்தில் துலாக்கொடியும் வாளியும் தொங்குகின்றன. பின்பக்கத்து அடித்துண்டு பாரத்தால் அதை ஈடுசெய்கிறது. முன்கழியும் அப்படியே அணியத்தில் ஓர் இடத்தில் தாங்கப்பட்டு, அதன் அடிப்பாகம் கப்பலின் தளத்தில் உறுதியான கட்டை ஒன்றோடு பிணைக்கப்படுகிறது. வேறுபாடு ஒன்று உண்டு. துலாவின் நுனியைப் பாரம் கீழே இழுக்கிறது. முன்கழியின் நுனியையோ பாய் மேலே இழுக்கிறது.

பாய்மரம் தானாக நிற்பதில்லை. இரு பக்கமும் பின்னாலும் முன்னாலும் கம்பிகளோ கயிறுகளோ அதை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். முன்கழி உள்ள கப்பலில், பாய்மரத்தின் உச்சியிலிருந்து முன்பக்கம் வரும் கம்பி முன்கழியின் நுனியில் வந்து முடிகிறது. அந்த முன்கம்பியிலேயே முக்கோணமான முன்பாய் ஏற்றப்படும். கழி நீண்டால் முன்பாயும் பெரிதாகலாம். மெல்லிய காற்றிலும் கப்பல் நகரும். இன்னொரு பயனும் உண்டு. பின்பக்கத்துப் பெரிய பாய் மட்டும் காற்றை வாங்கினால் கப்பல் எந்நேரமும் காற்றின் பக்கம் முகத்தைத் திருப்பப் பார்க்கும், ஒரு பக்கமே இழுக்கும் எருது பூட்டிய வண்டியைப் போல. சுக்கானைப் பிடித்திருப்பவர் நாள் முழுதும் அதனோடு மல்லுக்கட்ட வேண்டும். முன்னால் ஒரு பாய் இருந்தால் இழுவை சமப்படும். ஆகவேதான் சொந்தப் பாய்ப்படகில் நெடும்பயணம் போகிறவர்களில் சிலர் வாங்கிய படகு அப்படியே இருக்கட்டும் என்று விடாமல், தாங்களே மரம் சீவி, அல்லது குழாய் வெட்டி, முன்கழி ஒன்றைச் செய்து பூட்டிக்கொள்கிறார்கள்.

எமது கரைகளுக்கும் இது புதிதல்ல. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற இரு பாய்மரக் கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். அது புதிய பெயருடன், வல்வெட்டித்துறை மாலுமிகளின் கையால் செலுத்தப்பட்டு, 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதன் அணியத்திலும் முன்கழி நீண்டு நின்றது.

கழியைச் செய்வது

மரத்தால் செய்வதானால் முதல் வேலை மரத்தைத் தெரிவது. நார் நேராக ஓடும் மரமாக இருக்க வேண்டும். நுனிப் பக்கத்தில் கணு இருக்கக்கூடாது. முதலில் நாற்சதுரமாகச் சீவி, பின் நான்கு மூலைகளையும் தட்டி எட்டுப் பட்டையாக்கி, பின் பதினாறாக்கி, கடைசியில் உருட்டுவார்கள். ஒரேயடியாக உருட்டப் போனால் கழி கோணும். உலக்கை செய்யும் எமது தச்சரும் பட்டை பட்டையாகத்தான் சீவுகிறார். நுனிக்குப் போகப் போகச் சற்று மெலிய வேண்டும். நுனியில் நான்கு காதுகள் உள்ள இரும்பு வளையம் ஒன்று இறுக்கப்படும்: மேற்காதில் முன்கம்பி, கீழ்க்காதில் அடிக்கம்பி, இரு பக்கக் காதுகளில் பக்கக் கம்பிகள். வெட்டுமுகத்தில் தண்ணீர் ஊறினால் மரம் உள்ளே உழுத்துவிடும். ஆகவே அந்த முகங்களுக்குத் தாரோ மையோ நன்றாகப் பூச வேண்டும். தளத்தில் ஆணி பூட்டும் இடத்தில் அடியிலும் ஒரு பலகை கொடுத்துப் பூட்டாவிட்டால் ஆணி தளத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

இவையெல்லாம் கைவேலை. கெட்டித்தனமான எந்தத் தச்சரும் செய்துவிடுவார். விடயம் அடிக்கம்பியில்தான் இருக்கிறது.

அடிக்கம்பி என்பது கழியின் நுனியிலிருந்து கீழ்நோக்கிச் சாய்ந்து, அணியத்தின் முன்மரத்தில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பூட்டப்படும் கம்பி அல்லது சங்கிலி. முள்ளுக்கம்பி வேலி அடித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மூலைத் தூண் எவ்வளவு தடிப்பானாலும், மறுபக்கத்தில் ஓர் இழுகம்பியோ உதைகாலோ இல்லாவிட்டால், முதல் மாரியிலேயே தூண் வேலிப் பக்கம் சாய்ந்துவிடும். முன்கழியும் அவ்வாறே. நெடுக்காக நெருக்கினால் மரம் பெரும் பாரத்தைத் தாங்கும், வளைத்தால் முறிந்துவிடும். பாயின் மேலிழுவையை அடிக்கம்பி ஏற்றுக்கொண்டால் கழிக்கு நெருக்கம் மட்டுமே மிஞ்சும். கம்பி அறுந்தால் வளைவு முழுவதும் மரத்தில் விழும்.

இதில் ஒரு கணக்கு உண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு மண்டபத்தின் கரும்பலகையில் இதைச் செய்வித்தோம். அடிக்கம்பி பூட்டும் இடம் கழிக்கு 3 அடி கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாய் கழியின் நுனியை 100 கிலோ பாரத்துக்குச் சமமாக மேலே இழுக்கிறது. கழி 5 அடி வெளியே நீண்டிருந்தால் அடிக்கம்பியில் விழும் இழுவை ஏறத்தாழ 195 கிலோ. கழியை 10 அடியாக நீட்டினால், மேலிழுவை அதே 100 கிலோவாக இருந்தாலும், கம்பியில் விழுவது ஏறத்தாழ 350 கிலோ. நீளம் கூடக் கூடக் கம்பி படுத்துவிடுகிறது; படுத்த கம்பிக்கு மேலிழுவையைத் தடுப்பது கடினம். அதுமட்டுமன்று, நீண்ட கழியில் பெரிய பாய் ஏறும். ஆகவே அந்த 100 கிலோவும் 100 கிலோவாக நிற்காது. ஒரு முழம் கூட்டினால் ஒரு முழப் பாரந்தானே கூடும் என்று நினைக்கிறவர் ஏமாந்து போவார்.

கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாயார், “வட்டி மாதிரிக் கிடக்கு” என்றார். அந்நேரம் நாம் அதைப் பகிடியாகவே எடுத்துக்கொண்டோம்.

புல்வெளியில் கிடந்த கப்பல்

முன்கழியைப் பற்றி எழுதும்போது ஜோசுவா ஸ்லோக்கம் என்ற மனிதரைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. இவர் 1844இல் கனடாவின் நோவா ஸ்கோசியாவில் ஒரு கமத்தில் பிறந்தவர். தந்தையார் பின்னர் மீனவர்களுக்குத் தோற்சப்பாத்துச் செய்து சீவித்தவர். பையன் கடலுக்கு ஓடிக் கப்பற் தலைவனாக உயர்ந்தார். 1887இன் இறுதியில் பிறேசில் கரையில் அவருடைய கப்பல் தரைதட்டி உடைந்தது. காப்புறுதி இல்லை. மனைவியும் இரு ஆண்பிள்ளைகளும் கூட இருந்தார்கள். உடைந்த கப்பலிலிருந்து எடுத்த பொருட்களையும் அந்நாட்டு மரங்களையும் கொண்டு 35 அடிப் படகு ஒன்றைக் கட்டி, 1888இல் குடும்பத்தோடு ஏறத்தாழ 5,500 மைல் ஓடி அமெரிக்கா திரும்பினார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்களுக்கு இந்தப் பயணத்தைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை.

பிறகு வேலை இல்லை. 1892இல் பழைய நண்பரான கப்பற் தலைவர் ஒருவர், மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் பெயார்ஹேவன் என்ற ஊரில் ஒரு கப்பல் இருக்கிறது, கொஞ்சம் திருத்த வேலை உண்டு, எடுத்துக்கொள் என்றார். போய்ப் பார்த்தால், கடலிலிருந்து தள்ளி, ஒரு புல்வெளியில், முட்டுக் கொடுத்து, கித்தான் போர்த்து நிற்கிறது ஸ்பிறே என்ற உழுத்துப்போன கிழட்டுப் படகு. அயலவர்கள் அதை உடைக்க வந்தவர் என்று நினைத்தார்கள். அவர் கோடரியை எடுத்து அருகில் நின்ற ஓக் மரத்தைத் தறித்தார். அதையும் மற்ற மரங்களையும் சிறு கூலிக்கு இழுத்து வந்து கொடுத்தவர் அவ்வூர்க் கமக்காரர் ஒருவர். கப்பற் கதைகளில் கமக்காரருக்கு இடம் கிடைப்பது அருமை என்பதால் இதைக் குறிப்பிடுகிறோம்.

அணியத்து முன்மரத்துக்கு மேய்ச்சல் நிலத்தில் நின்ற வெள்ளை ஓக் மரத்தைத் தெரிந்தெடுத்தார். காட்டுக்குள் நெருக்கமாக வளர்ந்த மரத்தைவிட, வெளியில் தனித்து நின்று காற்றடி பட்ட மரம் வைரமானது. பின்னாளில் கொக்கோஸ் கீலிங் தீவுகளில் அந்த அணியம் முருகைக்கல்லை இரண்டாகப் பிளந்துகொண்டு போனதாகவும், தனக்கு ஒரு காயமும் படவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அடிக்கம்பியின் பிடி முன்மரத்திலேயே இருக்கிறது என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ளவும். வெளியில் தெரிவது கழி. தாங்குவது கீழே இருக்கிற மரம்.

13 மாத வேலை. செலவு 553 டொலர் 62 சதம். முடிந்தபோது படகின் நீளம் 36 அடி 9 அங்குலம், அகலம் 14 அடி 2 அங்குலம். 1895 ஏப்ரல் 24ஆம் திகதி பொஸ்ரனிலிருந்து தன்னந்தனியே புறப்பட்டார். உலகைத் தனியே சுற்றி வந்த முதல் மனிதர் அவரே. நீச்சல் தெரியாதவர் என்பதையும் சொல்லி வைப்போம்.

நாம் சொல்ல வந்தது அவருடைய துணிவை அன்று. அவர் வழியில் செய்த வெட்டுதலும் ஒட்டுதலுமே எமக்கு முக்கியம். மொறோக்கோக் கரைக்கு அப்பால் பெரும்பாயின் அடிக்கழி முறிந்தது. பிறேசிலின் பேர்ணம்புகோ துறையில் முறிந்த துண்டை நீக்கியபோது கழி 4 அடி குறுகியது, குறுகியபடியே பூட்டினார். 1896இன் தொடக்கத்தில் புவனோஸ் அயர்ஸ் சேர்ந்தார். முன்னே இருப்பது மகெல்லன் நீரிணை, கொடுங்காற்றின் வாசல். அங்கே பாய்மரத்தைக் கழற்றி 7 அடி குறைத்தார். தான் பூட்டிய முன்கழியில் ஏறத்தாழ 5 அடியை வெட்டி எறிந்தார். அப்படி வெட்டியும், பின்னர் புயலில் அதன் நுனியில் தொங்கிக்கொண்டு முன்பாயைச் சுருக்க நேர்ந்த வேளைகளில், இன்னும் ஓர் அடி வெட்டியிருக்கலாமே என்று வருந்தியதாக எழுதியிருக்கிறார்.

தன் கையால் ஆக்கியதைத் தன் கையால் வெட்டுவது இலகுவன்று. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்திலிருந்து நடந்தவர்களுக்கு, சைக்கிளில் எதைக் கட்டுவது எதை விடுவது என்று நின்ற அந்த அரைமணி நேரம் நினைவிருக்கும். அங்கே எவரும் எமக்கு அவகாசம் தரவில்லை. ஸ்லோக்கத்துக்கு அவகாசம் இருந்தது. அவர் அதைக் கழியைக் குறைப்பதற்குப் பயன்படுத்தினார்.

சமோவாவில் கிடைத்த மூங்கில்

இனி ஒட்டிய கதை. மகெல்லன் நீரிணையைத் தாண்டிப் பசிபிக் கடலில் சமோவாத் தீவுகளை 1896 யூலையில் அடைந்தார். புதையல் தீவு என்ற கதையை எழுதிய றொபேட் லூயிஸ் ஸ்ரீவன்சன் அங்கு வாழ்ந்து 1894இல் இறந்திருந்தார். அவருடைய விதவை மனைவி, தமது தோட்டத்து மூங்கில்களில் வேண்டியதை வெட்டிக்கொள்ளும்படி ஸ்லோக்கத்துக்குச் சொன்னார். கப்பலில் இருந்த கழிகளிலெல்லாம் நல்லது அந்த மூங்கில்தான் என்று பின்னர் அவரே மெச்சுகிறார். திரும்பும் பயணத்தில், நல்ல காற்று பின்னால் வரும் நாட்களில், அந்த மூங்கிலை முன்புறம் நீட்டிக் கட்டி அதில் இலேசான ஒரு பாயை ஏற்றினார்.

வெட்டிய 5 அடியை மூங்கிலாகத் திரும்பப் பூட்டிவிட்டாரே, இது என்ன நியாயம் என்று கூட்டத்தில் ஓர் இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. வாசித்தபோது எமக்கும் அதே ஐயம் எழுந்தது. விடை இதுதான். புவனோஸ் அயர்ஸில் வெட்டிய முன்கழி பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கழி. முன்கம்பி அதிலேயே முடிகிறது. அந்தக் கழி முறிந்தாலோ அதன் அடிக்கம்பி அறுந்தாலோ முன்கம்பி தளரும். முன்கம்பி தளர்ந்தால் பாய்மரத்துக்கு ஆபத்து. நடுக்கடலில் பாய்மரம் விழுந்தால் மனிதருக்கே ஆபத்து. மூங்கிலோ அப்படியன்று. பாய்மரம் அதை நம்பி நிற்கவில்லை. காற்று மிஞ்சினால் இறக்கி உள்ளே எடுக்கலாம். இறக்கப் பிந்தி முறிந்துபோனாலும் போவது ஒரு மூங்கிலும் ஒரு துண்டுப் பாயும்.

இன்றைக்குத் தம் படகுக்கு வீட்டில் முன்கழி செய்து பூட்டுகிறவர்களும் இதைத்தான் முதலில் தீர்மானிக்கிறார்கள். மெல்லிய காற்றுப் பாய் ஒன்றை ஏற்றுவதற்கு மட்டும் என்றால், கழற்றிப் பூட்டும் இலேசான கழி போதும், செலவும் குறைவு. முன்கம்பியையே வெளியே கொண்டுபோவது என்றால் வேலை அடிக்கம்பியிலிருந்து, அதற்கும் முன்னே முன்மரத்திலிருந்து தொடங்க வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். துறையில் நின்று பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

பேர்ணாட் மொய்ற்றெசியே என்ற பிரெஞ்சு மாலுமியையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தோசீனாவில் பிறந்து வளர்ந்தவர். 1952இலும் 1958இலும் இரண்டு படகுகளைக் கரையில் மோதி இழந்தவர். மூன்றாவதாகக் கட்டிய இரும்புப் படகுக்குத் தந்திக் கம்பங்களைப் பாய்மரமாக நிறுத்தினார். ஸ்லோக்கத்தின் நினைவாக அதற்கு ஜோசுவா என்று பெயரிட்டார். (எமது விவிலியத்து யோசுவா அலைந்து வந்த கோத்திரங்களுக்குக் காணி பங்கிட்டுக் கொடுத்தவர் என்பது வாசகர்கள் அறிந்ததே.) 1968இல் ஆபிரிக்காவின் தென்முனைக்கு அருகே, பொதி ஒன்றைக் கொடுப்பதற்காக ஒரு சரக்குக் கப்பலை நெருங்கியபோது மோதுண்டு, குழாயாலான முன்கழி பக்கவாட்டில் வளைந்துவிட்டது. கப்பிகளையும் மேலதிகக் கழி ஒன்றையும் கயிறு இறுக்கும் உருளையையும் கொண்டு கடலிலேயே தனியாளாக அதை நிமிர்த்திக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். தானே கட்டிய விதம் தெரிந்திருந்ததால் தானே நிமிர்த்தவும் முடிந்தது.

பொலித்தீன் பைக்குள் இருந்த உறுதி

இவ்வளவும் கூட்டத்தில் சொல்லி முடித்தபோது, துலாவைப் பற்றிக் கேட்ட பெரியவர் பேசாமல் இருந்தார். பொருளாளர் கொப்பியைத் திறந்த பின்னரே வாய் திறந்தார்.

“அப்ப சுவாமி, நாங்கள் உறுதியை வைச்சதும் பாய்மரத்தைக் கொண்டுபோய்க் கழியிலை கட்டினதுதானே?”

இதைச் சற்று விளக்க வேண்டும். வலிகாமம் வடக்கில் அவருக்கு ஆறு பரப்புத் தோட்டக் காணி. 1990இல் வெளிக்கிட்ட நாளிலிருந்து அதன் உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி, ஒவ்வோர் இடப்பெயர்விலும் நெஞ்சோடு கொண்டு திரிந்தார். 2009இல் அவர் கொண்டு வந்தவை அந்தப் பையும் ஒரு வாளியும்தான். 2015க்குப் பின் காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டபோது அவருடைய துண்டும் விடப்பட்டது. கிணறு தூர்ந்து, பற்றை மண்டிக் கிடந்தது. துப்புரவாக்கக் காசில்லை. வன்னியில் வயல் உழுது வாடகை உழைக்கலாம், அந்த உழைப்பில் காணியையும் திருத்தலாம் என்று மகன் இரு சில்லு உழவு இயந்திரம் ஒன்று வாங்க விரும்பினார். போருக்குப் பின் வன்னிக்கு வந்த கடன் நிறுவனங்களில் ஒன்று பணம் தர முன்வந்தது. நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. அது உறுதியைக் கேட்டது.

அந்த விண்ணப்பத்தில் பரிந்துரைக் கையொப்பம் இட்டவர்கள் நாம். மகன் நல்ல உழைப்பாளி, குடும்பம் ஒழுங்கானது, சேமிப்புக் குழுவில் தவணை தவறாதவர்கள் என்று எழுதினோம். எழுதிய ஒவ்வொன்றும் உண்மை. கணக்கையும் பார்த்தோம்: இரண்டு போகம், இத்தனை ஏக்கர், ஏக்கருக்கு இவ்வளவு வாடகை. ஒரு போகம் மழை பொய்த்தால் என்ன நடக்கும் என்று மட்டும் கேட்கவில்லை. முதல் இரண்டு போகமும் இயந்திரம் ஓடியது. மூன்றாவதில் குளத்தில் தண்ணீர் இல்லை; உழுவதற்கு வயல் இல்லை. தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. கடைசியில் இயந்திரமும் போய்விட்டது. உறுதி இன்றைக்கும் யாரோ ஒருவருடைய இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. குடும்பம் மாதாமாதம் ஒரு தொகையைக் கட்டி வருகிறது.

இயந்திரம் வாங்கியது பிழை என்று நாம் சொல்ல வரவில்லை. வன்னியில் இரு சில்லு வாங்கிப் பிழைத்த குடும்பங்களும் உண்டு. அதே ஊரில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து, சேமிப்புக் குழுவின் சிறு கடனோடு, பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி மாறி மாறிப் பாவித்தார்கள். வருமானம் குறைவு, வாய்ச்சண்டையும் குறைவில்லை. அதே வரட்சியில் அவர்களுக்கும் நட்டம் வந்தது. இயந்திரத்தை விற்றுக் கடனில் பெரும்பகுதியை அடைத்தார்கள். அவர்களுடைய காணிக்கு ஒன்றும் நேரவில்லை. எம்மிடம் விண்ணப்பம் வந்த அன்று இரண்டும் ஒரேமாதிரியே தெரிந்தன. சொல்லப்போனால் முதலாவதுதான் எடுப்பாகத் தெரிந்தது.

பெரியவரின் கேள்விக்கு, ஓம் ஐயா, அப்படித்தான் என்று சொன்னோம். கையொப்பம் எங்களுடையது என்பதையும் கூட்டத்தில் வைத்தே சொன்னோம். அவர், “நீங்கள் நல்லதுக்குத்தானே போட்டனீங்கள்” என்றார். அது எமக்கு ஆறுதலாக இருக்கவில்லை. இப்போது கடன் பரிந்துரைப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறோம்: இது முறிந்தால் எது விழும்? விடை காணி, வீடு, பிள்ளையின் படிப்பு என்று வந்தால், நாம் கையொப்பம் இடுவதற்கு முன் குழு இன்னொரு முறை கூட வேண்டும். இதனால் சிலருக்கு எம்மீது மனத்தாங்கல் உண்டு. வேறு இடத்தில் கடன் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

கம்பி அறுந்த நாள்

ஸ்லோக்கத்தின் கதையில் ஒன்று மிஞ்சியிருக்கிறது. பயணத்தின் பெரும்பகுதியில் அவர் சுக்கானைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. 1897இல் அவுஸ்திரேலியாவின் வடமுனையிலிருந்த வியாழத் தீவு தொடக்கம் கீலிங் தீவுகள் வரை 2,700 மைல், 23 நாட்கள். அதில் மூன்று மணி நேரமளவே சுக்கானைப் பிடித்தார். முன்பாயும் பின்பாயும் சமப்பட்டு நின்றதால் படகு தானே தன் வழியைப் பிடித்துக்கொண்டது. அளவறிந்து பூட்டிய முன்கழியின் பயன் இது.

ஆனால் கம்பிகள் மூன்று வருடம் உழைத்தவை. 1898 யூனில், ஊருக்குக் கிட்டவாக, ஒரு புயலில், பாயை இறக்குவோமா என்று யோசித்துக்கொண்டிருந்த கணத்தில் முன்கம்பி பாய்மரத்து உச்சியில் அறுந்து, முன்பாயோடு கடலில் விழுந்தது. அறுந்தது கழியல்ல, அடிக்கம்பியுமல்ல. எட்டிப் பார்க்க முடியாத உச்சி. நல்லகாலமாக அவர் அணியத்திலேயே நின்றார். பாய் படகின் அடியில் போய்ச் சிக்குவதற்கு முன் அதை வாரி எடுத்தார். பாய்மரம் நாணற்புல்லைப் போல ஆடியது. உச்சியிலிருந்து வந்த மேலதிகக் கயிற்றில் கப்பியைப் பூட்டி முன்பக்கம் இழுத்துக் கட்டி, அதையே முன்கம்பியாக்கிப் பாய்மரத்தைக் காப்பாற்றிக்கொண்டார். ஒன்று போனால் பிடித்துக்கொள்ள இன்னொன்று மேலே இருந்தது.

யூன் 27ஆம் திகதி நியூபோட் துறைமுகத்தை அடைந்தார். மூன்று வருடத்துக்கு மேல், 46,000 மைல். அங்கே நிற்க அவருக்கு மனம் வரவில்லை. யூலை 3ஆம் திகதி நல்ல காற்றில் பெயார்ஹேவனுக்கு ஓடினார். ஸ்பிறேயை முதன்முதல் தண்ணீரில் இறக்கியபோது கட்டி வைப்பதற்காகக் கரையில் அடித்திருந்த கேதுரு மரக் கட்டை அப்போதும் அங்கேயே நின்றது. படகை அதே கட்டையில் கட்டினார்.